கிடாக்கொம்பு சைக்கிள் வாங்கின கதை

"என்ன மாப்ள, வண்டி ரிப்பேரா?"

எட்டு ஒன்பது மாசமா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. டீக்கடையில கேப்பாங்க, உரக்கடையில கேப்பாங்க, பேங்க்ல கேப்பாங்க. 46 வயசுல ஒரு ஆளு, வீட்ல டிவிஎஸ் எக்செல்லும் ஒரு பைக்கும் நிக்கும்போது, சைக்கிள்ல டவுனுக்கு வந்தா எங்க ஊர்ல அதுக்கு ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு வண்டி ரிப்பேர். இன்னொண்ணு கையில காசில்லை.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்க, கழுகுமலை ரோட்டுல சுமார் 9 கிலோமீட்டர்ல இருக்கு எங்க ஊரு. நான் ரோடு பைக் வாங்கப் போறேன்னு முதல்ல சொன்னப்ப டீக்கடையில ஒரு பெரியப்பா கேட்டாரு: "ரோட்டுல ஓடாத பைக்கு எதுல இருக்கு?" அவர்கிட்ட விளக்கம் சொல்லி முடிக்கவே ரெண்டு டீ ஆச்சு. போன பதிவுல சைக்கிள் போட்டோவைப் பார்த்துட்டு, "எது வாங்குனீங்க, எதுக்கு அதை வாங்குனீங்க, எவ்வளவு ஆச்சு"ன்னு சென்னையிலேருந்தும் பெங்களூர்லேருந்தும் நாலஞ்சு பேர் கேட்டிருந்தீங்க. அந்தப் பெரியப்பாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிடறேன்.

முதல்ல, ஏன் சைக்கிள்?

விவசாயின்னா உடம்பு கட்டுமஸ்தா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். போன பங்குனியில 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீடு வீடா வர்ற அம்மா, எங்க ஆத்தாவுக்குச் சுகர் பார்க்க வந்தாங்க. "நீங்களும் விரலைக் காட்டுங்கண்ணே"ன்னாங்க. சும்மா காட்டினேன். அளவு கூட இருக்கு, ஆஸ்பத்திரியில போய் வெறும் வயித்துல எடுங்கன்னு சொல்லிட்டாங்க. அங்க வெறும் வயித்துல 118. 100-லேருந்து 125 வரைக்கும் இருந்தா சர்க்கரைக்கு முந்தின படி, 126-க்கு மேல போனா சர்க்கரை. டாக்டர் அம்மா நிதானமாச் சொன்னாங்க: "வாசல்ல நிக்கிறீங்க. உள்ள போறதும் திரும்பி வர்றதும் உங்க கையிலதான்."

"நான் விவசாயம்தான் பார்க்கேன், தினமும் வேலை செய்யிறவன்"னு சொன்னேன். "என்ன வேலை?"ன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தேன். உழவு டிராக்டர். தண்ணி பாய்ச்ச மோட்டார் சுவிட்ச். சொட்டுநீர் போட்டதுலேருந்து மண்வெட்டியைத் தொடுறதே கொறைஞ்சு போச்சு. வீட்லேருந்து தோட்டம் ஒரு கிலோமீட்டர், அதுக்கும் எக்செல்தான். களை எடுக்கிறது, பருத்தி எடுக்கிறது எல்லாம் கூலிக்கு வர்ற பொம்பளையாளுக. நான் வரப்புல நின்னு பார்க்கிறேன். சாயந்தரம் டவுனுக்குப் போனா புரோட்டா. இதுக்குப் பேரு உடல் உழைப்பா?

இது என் ஒருத்தன் கதை மட்டும் இல்லை. ஐசிஎம்ஆர் நாடு முழுக்க எடுத்து 2023-ல வெளியிட்ட ஆய்வுல, சர்க்கரை நோய் நகரத்துல 16.4 சதவீதம், கிராமத்துல 8.9 சதவீதம்னு இருக்கு. பரவால்லையே, நம்ம பாதிதானேன்னு தோணும். ஆனா நான் நிக்கிற அந்த 'வாசல்' கணக்கைப் பாருங்க: நகரத்துல 15.4, கிராமத்துல 15.2. உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசமே இல்லை.

எங்க அப்பா 81 வயசு வரைக்கும் இருந்தாரு. சர்க்கரைன்னா ரேஷன் கடையில வாங்குறதுன்னு மட்டும் தெரிஞ்ச மனுசன். அவர்கிட்ட ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் இருந்துச்சு. கேரியர்ல மிளகாய் வத்தல் மூட்டை, முன்னாடி பார்ல துண்டைச் சுத்தி நான். அப்படியே சங்கரன்கோவில் சந்தைக்கு மிதிப்பாரு. மூணு பேர் போகணும்னா அம்மா கேரியர்ல. அந்த சைக்கிள் இன்னும் தொழுவத்துல நிக்குது. முதல்ல அதையே ஓவராயில் பண்ணி ஓட்டலாம்னுதான் நினைச்சேன்.

ஓட்டியும் பார்த்தேன். போகும்போது நாலு தடவை இறங்கினேன். சைக்கிளைக் குத்தம் சொல்லலை. அது மூட்டை சுமக்கச் செஞ்ச வண்டி. வெறும் வண்டியே 20 கிலோவுக்கு மேல. நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கணும், கியர் கிடையாது. அப்பாவோட காலுக்கு அது போதும், என் காலுக்குப் போதலை.

அடுத்து அக்கா மகன் வச்சிருந்த கியர் சைக்கிளை ஒரு வாரம் இரவல் வாங்கினேன். தடிச்ச டயர், முன்னாடி ஷாக் அப்சார்பர், 21 கியர். பார்க்க ஜம்முனு இருந்துச்சு. ஆனா நான் ஒரு மிதி மிதிச்சா பாதி அந்த ஷாக் அப்சார்பர் அமுங்குறதுலயே போயிடுது. டயர்ல இருக்கிற முண்டு முண்டான பட்டன் தார் ரோட்டுல 'ர்ர்ர்'னு இழுக்குது. நம்ம ஊரு மலையா மேடா? சங்கரன்கோவில்லேருந்து கழுகுமலை வரைக்கும் பெரிய ஏத்தம்னு ஒண்ணு கிடையாது. 21 கியர்ல நான் தொட்டது மூணோ நாலோதான். கம்மி விலையில ஷாக் அப்சார்பரும் டிஸ்க் பிரேக்கும் சேர்த்துக் கொடுக்கிறாங்கன்னா, வேற எங்கயோ காசைக் கொறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். அது வீல்லயும் பேரிங்லயும்தான் தெரியும்.

அப்பதான் காத்து விஷயம் மண்டையில ஏறுச்சு.

எங்க பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். திருநெல்வேலி ரோட்டுல தேவர்குளம் பக்கமெல்லாம் காத்தாலை நிக்கும். சும்மாவா நட்டு வச்சிருக்கான்? வைகாசி பொறந்தா மேற்குமலை இடுக்குல புகுந்து வர்ற காத்து ஆவணி கழியிற வரைக்கும் நிக்காது. குத்தாலத்துக்குச் சாரலைக் கொடுத்துட்டு, எங்களுக்கு வெறும் காத்தை மட்டும் அனுப்பி வைக்கும். நான் டவுனுக்குப் போற திசை மேற்கு. அதாவது வருசத்துல நாலு மாசம் எதிர்காத்து.

கணக்கு ரொம்ப எளிசு. காத்து தடுக்கிற விசை வேகத்தோட இருமடிக்கு ஏறும். காத்தில்லாத நாள்ல நீங்க மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல போனா, உங்க நெஞ்சுல அடிக்கிறது 15 கிலோமீட்டர் காத்து. அதே வேகத்துல, எதிர்ல 20 கிலோமீட்டர் காத்து அடிச்சா, நெஞ்சுல 35. தடுப்பு ரெண்டு மடங்கு இல்லை, அஞ்சு மடங்குக்கும் மேல. இதுல சைக்கிள் வாங்கிக்கிற காத்து கொஞ்சம்தான். நம்ம உடம்புதான் பாய்மரம் மாதிரி விரிஞ்சு நிக்குது. அந்தப் பாயைச் சுருட்ட ஒரே வழி குனியிறது. வளைஞ்ச ஹேண்டில்பார் பந்தயக்காரங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கரிசக்காட்டு ரோட்டுல ஆடி மாசம் வாழைக்கும் வெங்காயத்துக்கும் மருந்து வாங்கப் போறவனுக்கும் அதுதான் சரி.

ஊர்ப் பிள்ளைக அதுக்கு 'கிடாக்கொம்பு சைக்கிள்'னு பேர் வச்சிருச்சுக. கிடா கொம்பு மாதிரியே வளைஞ்சுதான் இருக்கு.

இனி விலை. நான் விசாரிச்சப்ப, பேர் சொல்லிக்கிற மாதிரி புது ரோடு பைக் 20,000 ரூபாய்க்கு மேலதான் ஆரம்பிச்சது. அதுக்குக் கீழ வந்ததெல்லாம் கொம்பு மட்டும் வளைஞ்ச சாதா சைக்கிள். வீட்ல சொன்னேன். "ரெண்டு வெள்ளாடு வாங்கலாம், குட்டியாவது போடும்"னா. அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வெங்காயம் விலை போகாத வருசம் அது. (இப்ப புதுசு வாங்குறவங்களுக்கு ஒரு நல்ல சேதி: 2025 செப்டம்பர் 22-லேருந்து சைக்கிளுக்கும் உதிரி பாகத்துக்கும் ஜிஎஸ்டியை 12-லேருந்து 5 சதவீதமாக் கொறைச்சிருக்காங்க.)

அதனால பழசு தேடினேன். கொரோனா ஊரடங்கு நேரத்துல நகரத்துப் பிள்ளைக நிறைய பேரு ஆசையா நல்ல சைக்கிள் வாங்கினாங்க. ஆபீஸ் திறந்ததும் அது பால்கனிக்குப் போச்சு. துணி காயப்போட நல்லா உதவுதுன்னு கேள்வி. அப்படி மதுரையில ஒரு தம்பி வச்சிருந்ததைச் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் காட்டினான். சொன்னது 15,000. முடிச்சது 12,500.

பழசு வாங்கப் போறதுக்கு முந்தி எங்க ஊரு சைக்கிள் கடைத் தாத்தாகிட்ட போய்க் கேட்டேன். நாப்பது வருசமா பஞ்சர் ஒட்டுற கை. கியர் வண்டி அவருக்குப் பெருசா பழக்கம் கிடையாது. ஆனா அவர் சொன்ன நாலும் எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தும்.

ஒண்ணு, வெல்டிங் வச்ச இடமெல்லாம் துடைச்சுப் பாரு, மயிரிழை கீறல் இருந்தாக்கூட வேண்டாம். ரெண்டு, வீலைத் தூக்கிச் சுத்தி விடு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கிற சந்து கூடிக் கொறைஞ்சா கோட்டம். கொஞ்சம்னா கம்பியை முறுக்கி எடுத்துரலாம், ரிம்மே நெளிஞ்சிருந்தா விட்டுரு. மூணு, பெடல் கட்டையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டு, லொடலொடன்னா பேரிங் போச்சு. நாலாவதுதான் எனக்குப் புதுசு: பிள்ளைக வச்சிருக்கிற ஒரு அடி ஸ்கேலைக் கொண்டு போய்ச் செயின் மேல வை. சைக்கிள் செயின்ல ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் அரை இஞ்ச். ஒரு அடிக்குள்ள 24 இடைவெளி கச்சிதமா அடங்கணும். கடைசி ஆணி ஸ்கேலைத் தாண்டி நின்னா செயின் இழுத்துப் போச்சு. அரைக்கால் இஞ்ச் தாண்டினா செயினோட பின்பக்கப் பல் சக்கரமும் போச்சுன்னு விலையில கழி.

மதுரையில ஸ்கேலோட போய் நின்னவன் நானாத்தான் இருப்பேன். அந்தத் தம்பி சிரிச்சான். கடைசி ஆணி வீசம் இஞ்ச் தாண்டி நின்னுச்சு. சிரிப்பை நிறுத்திட்டு விலையைக் கொறைச்சான்.

அளவு முக்கியம். உயரம் பார்க்காம வாங்கினா இடுப்பும் கழுத்தும் போயிரும். நான் 170 சென்டிமீட்டர். எனக்கு 54 அளவு பிரேம் சரியா வந்துச்சு. ரெண்டு காலையும் தரையில ஊனி பாருக்கு மேல நின்னா, ரெண்டு மூணு விரக்கடை சந்து இருக்கணும். சீட்டுல உட்கார்ந்து குதிகாலைப் பெடல்ல வச்சா, பெடல் கீழ இருக்கும்போது கால் நேரா நீளணும். அப்புறம் முன்னங்கால்ல மிதிக்கும்போது முட்டி லேசா மடங்கி இருக்கும். சீட்டைத் தாழ்த்தி வச்சு மிதிக்கிறதுதான் நம்ம ஊர்ப் பழக்கம். முட்டி வலிக்கு அதுவே பாதிக் காரணம்.

பின் சக்கரத்துக்கிட்ட கேரியர் முடுக்க ஓட்டை இருக்கான்னும் பார்த்துக்கிட்டேன். நிறைய ரோடு பைக்குல கிடையாது. கேரியர் இல்லாத சைக்கிளை வச்சுக்கிட்டு விவசாயி என்ன செய்ய?

புளியங்குடியிலேருந்து எலுமிச்சை ஏத்திட்டு மதுரை போன வண்டி காலியாத் திரும்பும்போது அதுல போட்டுக் கொண்டு வந்தேன். ரெண்டு நாளைக்குச் சைக்கிள்ல எலுமிச்சை வாசம்.

இவ்வளவு பார்த்தும் ஒரு தப்பு பண்ணினேன். டயர். வாங்கும்போது 28 மில்லிமீட்டர் டயர் இருந்துச்சு. முதல் பத்து நாள்ல மூணு பஞ்சர். நகரத்துல ஆணி, கண்ணாடிச் சில்லு. எங்க ஊர்ல சீமைக்கருவேல முள். வேலி வெட்டினவன் ரோட்டோரம் இழுத்துட்டுப் போயிருப்பான், உதிர்ந்த முள் கண்ணுக்கே தெரியாது. எதிர்ல லாரிக்கு ஒதுங்கினா நெருஞ்சி.

மூணாவது பஞ்சர் டவுனுக்கும் வீட்டுக்கும் நட்ட நடுவுல. சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நாலரை கிலோமீட்டர் நடந்தேன். அன்னைக்கு ஒருத்தரும் 'வண்டி ரிப்பேரா'ன்னு கேக்கலை. கேக்காமலே தெரிஞ்சது.

தாத்தா கடையில டியூப் கேட்டா, '28' போட்ட டியூபை எடுத்து நீட்டினாரு. இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. அப்பாவோட ஹெர்குலிஸ்லயும் 28-ன்னு இருக்கும், 700 சைஸ் ரோடு பைக் டயர்லயும் பக்கத்துல சின்னதா 28-ன்னு போட்டிருப்பான். ரெண்டும் ஒண்ணு இல்லை. பழைய சைக்கிளுக்கு டயர் உட்காருற ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், இதுக்கு 622. பதிமூணு மில்லிமீட்டர்தான். ஆனா ஒண்ணோட டயர் இன்னொண்ணுல ஏறாது. டயர் ஓரத்துல 32-622 மாதிரி ரெண்டு நம்பர் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்க, இஞ்ச் கணக்கை நம்பாதீங்க. வால்வும் அப்படித்தான். நம்ம பழைய சைக்கிள்ல வால்டியூப் மாட்டுற வால்வு. என் வண்டியில பென்சில் முனை மாதிரி மெலிசான பிரெஸ்டா. சின்னப் பித்தளை அடாப்டர் ஒண்ணு வாங்கித் திருகிக்கிட்டா பைக்குக்குக் காத்தடிக்கிற இடத்துலயே அடிச்சுக்கலாம். அது எப்பவும் என் சட்டைப் பையில கிடக்கு.

பிரேக்குக்கும் முன் போர்க்குக்கும் இடையில சந்து இருந்ததால 32 டயருக்கு மாறினேன். என் எடைக்கு 60-லேருந்து 70 வரைக்கும் காத்து. பல ரோடு பைக்குல 28-க்கு மேல ஏறாது, வாங்கும்போதே பார்த்துக்கோங்க. அதுக்கப்புறம் ஏழு மாசத்துல ரெண்டே பஞ்சர். ரெண்டையும் நானே ஒட்டினேன். தண்ணித் தொட்டியில முக்கி முட்டை விடுற இடத்தைப் பார்த்து, உப்புத்தாள் போட்டு, சொல்யூசன் தடவி, காய விட்டு ஒட்டுறதைத் தாத்தாதான் சொல்லிக் கொடுத்தாரு. "சொல்யூசன் காயட்டும்ல, என்ன அவசரம்?"னு நாலு தடவை திட்டு வாங்கினேன். சைக்கிளுக்கு 12,500, டயர், டியூப், செயின், கேரியர், விளக்கு, பெல், பம்ப் எல்லாம் சேர்த்து இன்னொரு 4,800. பழசு வாங்குறவங்க இந்த ரெண்டாவது கணக்கையும் மனசுல வச்சுக்கணும்.

இப்ப வாரத்துல மூணு நாள் விடியக்காலம் ஒரு மணி நேரம் மிதிக்கிறேன். காத்து எந்திரிக்கிறதுக்கு முந்தி அஞ்சரைக்குக் கிளம்பினா கழுகுமலை போய் மலையைப் பார்த்துட்டு ஒரு டீயைக் குடிச்சுட்டு வந்துரலாம். வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவை டவுன் வேலையும் சைக்கிள்தான்: பேங்க், மருந்துக் கடை, கேரியர்ல அடங்குற சாமான். மூட்டைக்கு எக்செல்தான், அதுல வீம்பு கிடையாது. போன ஆடித்தபசுக்கு, கோமதியம்மன் தபசுக் காட்சி பார்க்கச் சைக்கிள்லயே போனேன். எதிர்காத்து மூஞ்சியில அறையுது. கொம்பைப் பிடிச்சுக் குனிஞ்சுக்கிட்டேன். ஒன்பது கிலோமீட்டருக்கு 40 நிமிசம் ஆச்சு. ஆனா இறங்கலை. கூட்டத்துல பஸ்ஸும் காரும் நகர முடியாம நிக்கும்போது சைக்கிளைத் தள்ளிக்கிட்டே தெற்கு ரதவீதி வரைக்கும் போயிட்டேன்.

சுகர் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. போன மாசம் வெறும் வயித்துல 104. வாசலை விட்டு முழுசா இறங்கலை, திண்ணையில இருக்கேன். சைக்கிள் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ராத்திரி புரோட்டாவும் நின்னுருக்கு. டாக்டர் அம்மா ரெண்டையும் விடாதீங்கன்னு சொன்னாங்க.

சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிற விஷயத்துல எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு உண்டு. 1990-கள் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அதைப் பத்தி பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்காரு. அவங்கள்ல சிலர் லேடீஸ் சைக்கிளை விட ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேணும்னு கேட்டாங்களாம். ஏன்னா அதுல முன்னாடி பார் இருக்கு, பிள்ளையை உட்கார வச்சுக்கலாம். யாருக்காகச் செஞ்ச சைக்கிள்னு அவங்க பார்க்கலை, தனக்கு என்ன வேணும்னு பார்த்தாங்க. நீங்களும் அப்படியே பாருங்க. உங்க ரோட்டுல காத்தா, மேடா, குழியா, முள்ளா? தள்ளிக்கிட்டு நடக்கிற தூரத்துல ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கா, இல்லை நீங்களே பார்ப்பீங்களா? சென்னையில வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர் ஆபீஸ் போறவருக்கு என் கிடாக்கொம்பு தேவையே இல்லை. நேர் ஹேண்டில்பாரும் 35, 38 டயரும் போட்ட, ஷாக் அப்சார்பர் இல்லாத ஹைபிரிட் சைக்கிள் போதும், விலையும் கம்மி. நல்ல ரோட்டுல பத்து இருபது கிலோமீட்டர் விடாம மிதிக்கப் போறீங்கன்னா கொம்பு வாங்குங்க. பால்கனியில நிக்கப் போகுதுன்னா ரெண்டு வெள்ளாடு வாங்குங்க.

நேத்து உரக்கடையில மறுபடியும் ஒருத்தர் கேட்டாரு: "வண்டி ரிப்பேரா?"

"ஆமா அண்ணாச்சி, எனக்குத்தான் ரிப்பேர். பார்த்துக்கிட்டிருக்கேன்"னேன்.

அவர் சிரிக்கலை. கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்தாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கு வெறும் வயித்துல 140 இருக்கு தம்பி. இது என்ன விலை வரும்?"னு கேட்டாரு. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையைக் கேளுங்க, சைக்கிள் எங்கயும் போயிறாதுன்னு சொல்லிட்டு, வர்ற ஞாயித்துக்கிழமை என் வண்டியை ஓட்டிப் பார்க்க வரச் சொல்லியிருக்கேன். என்னைவிட அரை அடி உயரம் அவரு. சீட்டை ஏத்தி வைக்கணும்.